கூட்ட வேண்டாத எண்கள்

கெடா சுல்தான் அப்துல் ஹாலிம் ஒருவர்தான். அவருக்கு வாய்த்த எண்களோ இரண்டு. 1970 செப்டம்பரில் மலேசியாவின் மாமன்னராக அமர்ந்தபோது அவர் எண் V. ஐந்தாண்டு முடிந்து ஊர் திரும்பியவரை 2011 டிசம்பரில் முறை மறுபடியும் தேடி வந்தது. அப்போது XIV. அவருக்குப் பின் 2016-இல் வந்த கிளந்தான் சுல்தான் ஐந்தாம் முகமது தம் மாநில வரிசையில் V, நாட்டு வரிசையில் XV. இன்றைய மாமன்னர் XVII.

இத்தனை எண்கள் புழங்கக் காரணம் மலேசியாவின் ஏற்பாடு. ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1957-இலிருந்து இந்தச் சுற்று ஓய்ந்ததில்லை. பெயர்களோ நீளமானவை, பட்டங்கள் அதைவிட நீளம். எண் ஒன்றுதான் சுருக்கம். ஒவ்வொருவரும் ஐந்தாண்டையும் முழுதாக ஆண்டால் 2129-இல் பொறுப்பேற்பவர் XXXVIII ஆவார். பெயரோடு ஒட்ட ஏழெழுத்து! அடுத்த பத்தாண்டில் அது XL என்று இரண்டெழுத்தாகச் சுருங்கிவிடும். பெரிய எண் நீளமாக இருக்க வேண்டும், சின்ன எண் குட்டையாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு ரோமானிய எண்களுக்குக் கிடையாது.

பினாங்கு மாநிலத்துக்குச் சுல்தான் இல்லை, ஆளுநர்தான். ஆனால் வட செபராங் பிறையிலுள்ள தாசேக் கெலுகோரில் ரயில் ஏறி வடக்கே அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் சுங்கைப் பட்டாணி. அது சுல்தானின் கெடா. தெற்கே போனால் அடுத்த நிறுத்தம் புக்கிட் மெர்தாஜாம். ஒரு பக்கம் V-உம் XIV-உம் ஆன மனிதரின் ஊர், மறுபக்கம் பல்லவ எழுத்து பொறித்த ஒரு பாறை. இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய சரக்கு அநேகமாக இந்த ரயில் பாதையை ஒட்டியே கிடைக்கிறது.

முதலில் ஒரு சந்தேகம். V என்ற மாமன்னரையும் XIV என்ற மாமன்னரையும் கூட்டி XIX என்று எவராவது சொல்வாரா? மாட்டார். அந்த எண்கள் எண்ணிக்கையே அல்ல, வரிசையில் ஓர் இடத்துக்கு இட்ட பெயர். இன்று ரோமானிய எண்கள் எங்கெல்லாம் பிழைத்திருக்கின்றன என்று பாருங்கள். 2024-இல் சரவாக்கில் நடந்த சுக்மா போட்டி XXI. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு குரூப் IV. பள்ளி வாசலில் X-A, XII-B. நூல் முன்னுரையின் பக்க எண் vii. உலகப் போர் II. பெட்ரோல் நிலையத்தில் மட்டும் ரோன் 95. அங்கே XCV என்று எழுதி வைத்தால் சண்டை வரும். விலை, எடை, தூரம், வட்டி என்று கூட்டவோ பெருக்கவோ வேண்டிய இடங்களிலிருந்தெல்லாம் ரோமானிய எண் வெளியேறிவிட்டது. கூட்ட வேண்டாத எண்கள் மட்டுமே அதன் வசம் மிஞ்சியிருக்கின்றன.

இதை வைத்துப் பலரும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: ரோமானியர்கள் கணக்கில் மட்டம், அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு எப்படித்தான் பாலமும் படையும் நடத்தினார்களோ என்று. பள்ளிப் புத்தகங்கள்கூட இந்தத் தொனியில் எழுதுவதுண்டு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ரோமானிய எண் கணக்குப் போடுவதற்காக உண்டாக்கப்பட்டதே அல்ல. போட்டு முடித்த கணக்கின் விடையை எழுதி வைக்க உண்டானது. கணக்கு வேறோர் இடத்தில் நடந்தது. அந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன், அந்தக் குறிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம்.

*

ஜார்ஜ்டவுன் கடற்கரையோரம் விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. அவர் அரியணை ஏறி அறுபது ஆண்டு ஆனதைக் கொண்டாட 1897-இல் சியா சென் இயோக் என்ற செல்வந்தர் தம் செலவில் கட்டக் கொடுத்தது. உயரம் 60 அடி, ஆண்டுக்கு ஓர் அடி. எண்ணை எழுதும் மிகப் பழைய முறை இதுதான்: ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஆட்டுக்கு ஒரு கீறல், மூட்டைக்கு ஒரு கோடு, ஆண்டுக்கு ஓர் அடி. அறுபதடியை அண்ணாந்து பார்க்கிற எவருக்கும் அது அறுபது என்று தெரியாது, யாராவது சொல்ல வேண்டும். இந்த முறைக்கு உள்ள நோயும் அதுதான்.

நோய் எத்தனையில் தொடங்குகிறது என்று ஒருவர் அளந்து பார்த்தார். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர், கைநிறைய அவரைக்கொட்டைகளை ஒரு தட்டின் மேல் வீசி, தட்டில் இருந்த சின்னப் பெட்டிக்குள் எத்தனை விழுந்தன என்பதை எண்ணாமல், பார்த்த மாத்திரத்தில் சொல்லிப் பார்த்தார். பிறகு எண்ணிச் சரிபார்த்தார். இப்படி 1,027 முறை. மூன்றோ நான்கோ விழுந்தபோது ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்தில் சறுக்கல் தொடங்கியது. அதற்கு மேல் போகப் போகச் சறுக்கலும் கூடியது. 1871-இல் நேச்சர் இதழில் இதை எழுதினார். பின்னாளில் உளவியலாளர்கள் நவீனக் கருவிகளை வைத்துச் செய்த சோதனைகளும் ஏறக்குறைய இதே எல்லையைத்தான் காட்டின. நம் கண்ணுக்கு நான்கு வரைக்கும் எண்ணத் தேவையில்லை, பார்த்தாலே போதும். அதற்கு மேல் எண்ணித்தான் ஆக வேண்டும்.

கீறல் போடுகிறவனின் கத்தி ஐந்தாவது இடத்தில் வேறு மாதிரி திரும்பியதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. ஐந்துக்கு ஒரு சாய்ந்த கீறல், பத்துக்கு ஒரு குறுக்குக் கீறல். இத்தாலியில் ரோமானியர்களுக்கு முன்பே செழித்திருந்த எட்ருஸ்கர்களிடம் ஒன்றுக்கு நேர்க்கோடும் பத்துக்கு X போன்ற சிலுவையும் ஐந்துக்கு V-யைக் கவிழ்த்தது போன்ற குறியும் இருந்தன. X-ஐப் பாதியாக வெட்டினால் V. ஆயிரத்துக்கு ஒரு வட்டமும் நடுவில் ஒரு கோடும் போட்டார்கள்; அதைப் பாதியாக வெட்டிய வலப்பக்கத் துண்டுதான் ஐந்நூறுக்கான D. ஆக, D என்பது எந்தச் சொல்லுக்கும் முதலெழுத்து அல்ல, ஓர் அரை வட்டம். நூறுக்கான C-யும் ஆயிரத்துக்கான M-உம் பிற்காலத்தில் இலத்தீன் சொற்களின் முதலெழுத்தோடு ஒத்துப்போய் நிலைத்துவிட்டன. எழுத்துகளை எடுத்து எண்ணாக்கினார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் கீறல்கள்தான் எழுத்து வேடம் போட்டுக்கொண்டன.

நம் பக்கத்துக் கதையும் தொடக்கத்தில் இப்படித்தான். பிராமி எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்பவை ஒன்றன் கீழ் ஒன்றாக இட்ட கிடைக்கோடுகள். சீனத்திலும் அப்படியே. நான்கில் இருவருமே கோடு போடுவதை விட்டுவிட்டார்கள். இன்று நாம் எழுதும் 2, 3 என்பவை அந்தக் கிடைக்கோடுகளைக் கையெடுக்காமல் வேகமாக எழுதியதில் பிறந்தவை.

*

இப்போது கணக்கு நடந்த இடத்துக்கு வருவோம்.

மலேசியாவில் மணிச்சட்டத்தைச் செம்போவா என்பார்கள். பழைய சீன மளிகைக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் அது கிடக்கும். கடைக்காரரின் விரல் ஓடும் வேகத்துக்குக் கண் ஓடாது. கடைகளில் அதன் இடத்தைக் கால்குலேட்டர் பிடித்த பிறகு, பிள்ளைகளின் மனக்கணக்குப் பயிற்சியாக அது மறுபிறவி எடுத்தது. 1993-இல் மலேசியாவில் தொடங்கிய யூசிமாஸ் போன்ற பயிற்சி நிலையங்கள் இன்று சென்னை, கோயம்புத்தூர்த் தெருக்கள் வரை வந்துவிட்டன. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விரலைக் காற்றில் ஆட்டி விடை சொல்வதைப் பார்த்துப் பெற்றோர் பூரிக்கிறார்கள். அந்த விரலாட்டத்தை ஒரு ரோமானியக் கணக்கப்பிள்ளை பார்த்தால் வியக்க மாட்டான். அவனுக்கு அது பழக்கமான வேலை.

பயிற்சி வகுப்புச் செம்போவாவில் ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே நான்கு மணி, மேலே ஒரு மணி. கீழ் மணி ஒவ்வொன்றும் ஒன்று, மேல் மணி ஐந்து. ஏழு வேண்டுமென்றால் மேல் மணியை இறக்கி, கீழ் மணி இரண்டை ஏற்ற வேண்டும். அதைத் தாளில் அப்படியே படமாக எழுதினால் VII. பத்துகளின் கம்பியில் மேல் மணி L, கீழ் மணிகள் X. நூறுகளின் கம்பியில் மேலே D, கீழே C. ரோமானியர்களிடம் இருந்த வெண்கலக் கையடக்க மணிச்சட்டங்கள் சில அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றிலும் கீழ்ப்பள்ளத்தில் நான்கு குமிழ், மேல்பள்ளத்தில் ஒன்று. ரோமானிய எண் என்பது மணிச்சட்டத்தின் படம். சட்டத்தில் எந்த மணி எங்கே நிற்கிறதோ அதைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதியது.

இந்தப் பார்வையோடு ஒரு கூட்டலைப் போட்டுப் பார்ப்போம். CXXVII-உம் LXVIII-உம், அதாவது 127-உம் 68-உம். இரண்டையும் ஒரே குவியலாகக் கொட்டுங்கள். C ஒன்று, L ஒன்று, X மூன்று, V இரண்டு, I ஐந்து. ஐந்து I சேர்ந்தால் ஒரு V, ஆகவே V மூன்றாகிறது. அதில் இரண்டு V ஒரு X, மிச்சம் ஒரு V. X இப்போது நான்கு. முடிந்தது: C, L, நான்கு X, ஒரு V. 195. வாய்பாடு எதுவும் தேவைப்படவில்லை. ஏழும் எட்டும் பதினைந்து என்று மனப்பாடம் செய்திருக்க வேண்டியதில்லை. ஐந்து சேர்ந்தால் மேலே ஒன்று, இரண்டு சேர்ந்தால் அடுத்த கம்பியில் ஒன்று. இந்த இரண்டு விதி போதும். நம் முறையில் கூட்டக் கற்கும் ஒரு குழந்தை ஒன்பது வரை எல்லா இணைகளையும் நெஞ்சில் ஏற்றியாக வேண்டும் என்பதை நினைத்தால், யார் கணக்கு எளிது என்ற கேள்விக்கு அவ்வளவு சுலபமாக விடை சொல்ல முடியாது.

பெருக்கலும் முடியாததல்ல. XIII-ஐ XXIV-ஆல் பெருக்க வேண்டுமா? ஒரு பக்கம் பாதியாக்கிக்கொண்டே போங்கள், மிச்சத்தைத் தள்ளிவிடுங்கள்: 13, 6, 3, 1. மறுபக்கம் இரட்டியுங்கள்: 24, 48, 96, 192. இடப்பக்கம் ஒற்றைப்படை எண் இருக்கும் வரிசைகளில் மட்டும் வலப்பக்க எண்களைக் கூட்டுங்கள்: 24, 96, 192. விடை 312. பழைய எகிப்தியர்களின் பெருக்கலும் இரட்டித்துக் கூட்டும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ரோமானிய எழுத்தில் இரட்டிப்பது என்பது ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தரம் எழுதிச் சுருக்குவது, அவ்வளவே.

மேலே நான் கூட்டலின் விடையை CXCV என்று எழுதாமல் நான்கு X என்று நிறுத்தியதைக் கவனித்திருப்பீர்கள். XC, IV, IX என்று சின்னதைப் பெரியதற்கு முன்னால் வைத்துக் கழிக்கும் வழக்கத்தை மணிச்சட்டம் அறியாது. சட்டத்தில் நான்கு என்பது நான்கு மணிதான். கழித்தெழுதுவது கல்லிலும் தாளிலும் இடம் மிச்சப்படுத்தக் கண்ட சுருக்கு, அதை ரோமானியர்களே கட்டாயமாக்கவில்லை. கொலோசியம் அரங்கின் நுழைவாயில்களில் 76-க்கு எண் பொறித்திருந்தார்கள். 44-ஆம் வாயிலுக்கு இட்ட எண் XLIIII. நாற்பதைக் கழித்தெழுதிய அதே கை நான்கை நான்கு கோடாகவே விட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்கள். கடிகார முகப்புகளில் பெரும்பாலும் IV-க்குப் பதில் IIII இருப்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதில் எனக்குப் பிடித்தது: அப்படி எழுதினால் முதல் நான்கு மணியில் I மட்டும், அடுத்த நான்கில் V, கடைசி நான்கில் X என்று முகப்பு மூன்று சமபங்காகப் பிரிந்துவிடுகிறது. உண்மையான காரணம் அதுதானா என்பது வேறு விஷயம்.

*

ரோமானிய எண் மணிச்சட்டத்தின் படம் என்றால், பழைய தமிழ் எண் எதன் படம்?

௧ முதல் ௯ வரை ஒன்பது குறிகள். அதற்கு மேல் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. மேலோட்டமாகப் பார்த்தால் இது ரோமானியரின் X, C, M போலத் தோன்றும். வேலை செய்யும் விதம் வேறு. ரோமானியன் முந்நூறுக்கு நூறை மூன்று முறை எழுதுகிறான், CCC. தமிழன் மூன்றை எழுதிப் பக்கத்தில் நூறை எழுதுகிறான், ௩௱. முன்னது கூட்டல், பின்னது பெருக்கல். மணிக்கூண்டுக்குக் கொடை தந்த 1897-ஆம் ஆண்டை ரோமானிய முறையில் எழுத MDCCCXCVII, பத்து எழுத்து. தமிழில் ௲௮௱௯௰௭, ஆறே குறி. வாய்விட்டுப் படியுங்கள்: ஆயிரத்து, எட்டு நூற்று, தொண்ணூற்று, ஏழு. நாக்கு எந்த வரிசையில் புரள்கிறதோ அதே வரிசையில் குறிகள் நிற்கின்றன. இது மணிச்சட்டத்தைப் பார்த்து எழுதியதல்ல. பேச்சைக் கேட்டு எழுதியது.

செபராங் பிறையின் சீனக் கடைப் பலகைகளில் ஆண்டோ தொகையோ சீன எழுத்தில் வந்தால் அதுவும் இதே கட்டமைப்புதான்: எட்டு, பிறகு நூறு, ஒன்பது, பிறகு பத்து. சீனப் பத்து ஒரு சிலுவைக் குறி வேறு, ரோமானிய X-ஐ நிமிர்த்தி வைத்தது போல. தாசேக் கெலுகோர் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் பக்கத்துச் சீனப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் தாத்தா காலத்து எண்கள் ஒரே இலக்கணத்தில் இருந்தன என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பேச்சின் படம் என்பதால் பெரிய தொகைக்கும் புதுக்குறி தேவைப்படவில்லை. இலட்சம் என்பது நூறாயிரம்: ௱௲. அதை நூறால் பெருக்கினால் கோடி: ௱௱௲. ரோமானிய எழுத்து 3,999-ஐத் தாண்டியதும் தடுமாறுகிறது, ஐயாயிரத்துக்கு எழுத்து இல்லை. எழுத்தின் தலையில் கோடு போட்டு ஆயிரத்தால் பெருக்கிச் சமாளித்தார்கள். எக்செல் மென்பொருளில் எண்ணை ரோமானியமாக மாற்றும் வாய்பாடு ஒன்று உண்டு, அதுவும் 3,999-க்கு மேல் பிழை காட்டி நின்றுவிடும்.

தமிழர்கள் கணக்குப் போட்ட இடம் எது? மணிச்சட்டம் அல்ல, நெஞ்சு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை அதிகாலையில் உரக்கச் சொல்லிச் சொல்லி ஏற்றிக்கொண்ட மனப்பாடம். முழு எண்ணில் மட்டுமல்ல, பின்னத்திலும். முந்திரி என்றால் 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, மா 1/20, மாகாணி 1/16. அதற்கும் கீழே, முந்திரியை மறுபடி 320-ஆகப் பிளந்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், பலவற்றுக்குத் தனிக்குறி. இந்த மனக்கணக்கு மரபை ஆராய்ந்து செந்தில் பாபு எழுதிய நூல், பழைய தமிழ்ப் பள்ளியில் நினைவாற்றல் என்பது வெறும் ஒப்பிப்பு அல்ல, அதுவே கணக்கிடும் கருவி என்பதை நன்றாகக் காட்டுகிறது. ரோமானியர்களும் பின்னத்தில் கெட்டிக்காரர்களே, ஆனால் அவர்கள் வழி வேறு: முழு எண்ணுக்குப் பத்து, பின்னத்துக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டில் ஒன்றுக்கு ஒரு புள்ளி, பாதிக்கு S. அவர்கள் அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்கு இட்ட பெயரிலிருந்துதான் அங்குலம், அவுன்ஸ் இரண்டின் ஆங்கிலப் பெயர்களும் வந்தன. மலேசியச் சந்தையில் பழைய ஆட்கள் இன்றும் சொல்லும் காத்தி, தாஹில் அளவையில் 16 தாஹில் ஒரு காத்தி. ஒரு தாஹில் என்பது, எண்சுவடிக் கணக்கில் சொன்னால், காத்தியில் மாகாணி.

*

படமாக எழுதினாலும் பேச்சாக எழுதினாலும் ஒரு பொருள் மட்டும் எழுத்தில் விடுபட்டுப் போகிறது. 105 என்பதைச் செம்போவாவில் வையுங்கள். நூறுகளின் கம்பியில் ஒரு மணி, ஒன்றுகளின் கம்பியில் மேல் மணி, நடுக்கம்பி காலி. அந்தக் காலிக் கம்பி விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியும். ரோமானியன் எழுதும்போது CV. காலியை எழுதவில்லை. தமிழன் ௱௫. நாக்கும் காலியைச் சொல்வதில்லை, 'நூற்று ஐந்து' என்றுதான் சொல்கிறது. காலியை எழுத யாருக்கும் அவசியம் வரவில்லை, குறிகளே தங்கள் அளவைச் சொல்லிவிடுகின்றன. காலிக்கு ஒரு குறி போட்டுவிட்டால் மட்டும், பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி தேவையே இல்லாமல் போய்விடுகிறது. இடமே அளவாகிவிடும்.

அந்தக் குறியின் மிகப் பழைய, ஆண்டு தெளிவாகத் தெரிந்த கல்வெட்டுச் சான்றுகள் எங்கே கிடைத்தன என்பது தாசேக் கெலுகோர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்ள வேண்டிய செய்தி. கம்போடியாவில் சம்போர் என்னுமிடத்துக் கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 605 என்கிறது, கி.பி. 683. அதே காலத்தில் சுமத்ராவின் பலெம்பாங் அருகே கெடுக்கான் புக்கிட், 684-இல் தாலாங் துவோ, 686-இல் பங்கா தீவில் கோத்தா கப்பூர் என்று ஸ்ரீவிஜயப் பேரரசின் கல்வெட்டுகள் வரிசையாக வருகின்றன. 606, 608 என்று நடுவில் சுழியம் நிற்கும் சக ஆண்டுகள். சுழியம் புள்ளியாகவோ சின்ன வட்டமாகவோ இருக்கிறது. இந்தியாவில் பலரும் காட்டும் குவாலியர்க் கல்வெட்டுச் சுழியம் 876-ஆம் ஆண்டு, கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு பிந்தியது. தென்கிழக்காசியச் சான்றுகளைத் தொகுத்து, இடமதிப்பு எண் கிழக்கிலிருந்து மேற்கே போனதே தவிர அங்கிருந்து இங்கு வரவில்லை என்று 1931-இல் வாதிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ். சுழியம் என்ற எண்ணம் இந்தியாவில் பிறந்தது என்பதில் இப்போது பெரிய சர்ச்சை இல்லை. ஓலையிலும் மரப்பட்டையிலும் எழுதியவை மட்கிப்போக, கடல் கடந்து போய்க் கல்லில் ஏறியது தப்பித்தது.

ஸ்ரீவிஜயக் கல்வெட்டுகளின் மொழி பழைய மலாய். எழுத்து பல்லவ எழுத்து, காஞ்சியிலிருந்து கப்பலேறியது. அந்த எழுத்தை நேரில் பார்க்கப் பலெம்பாங் வரை போக வேண்டாம். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் தேவாலய வளாகத்தில், செரோக் தோக்குன் என்ற இடத்தில், பல்லவ எழுத்துப் பாறை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி கண்டு சொன்னது. திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒருவராவது அந்தக் கல்லை நின்று பார்க்கிறாரா என்பது என் ஐயம்.

வடக்கே சுங்கைப் பட்டாணிக்கு மேற்கே பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கல்வெட்டுகளின் கடாரம். கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடையைப் பதிந்த செப்பேடுகள் பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என்று பின்னம் பின்னமாக அளந்து சொல்லும் ஆவணம் அது. வேடிக்கை இதில்தான். கடாரத்து மன்னனின் மூதாதையர் சுழியம் போட்டு ஆண்டு எழுதி முந்நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. எழுத்தை அனுப்பிவைத்த கரையில் சோழரின் கல்வெட்டுகள் இன்னும் ௰, ௱, ௲ என்றே எழுதிக்கொண்டிருந்தன, அல்லது எண்ணைச் சொல்லாகவே விரித்தன. அறியாமையா? சோழ நாட்டில் வானியல் கணித்த சோதிடர்களுக்கு இடமதிப்பு நன்றாகவே தெரியும். ஆனால் கல்வெட்டு ஊர்ச்சபைக்கு முன் வாசிக்கக் கேட்க வேண்டிய ஆவணம். வாயால் சொல்லுகிறபடி எழுதினால் வாசிப்பவன் தடுமாற மாட்டான், கேட்பவன் ஏமாற மாட்டான். ஒரு சுழியத்தைச் செதுக்கிச் சேர்த்துப் பத்து வேலியை நூறு வேலியாக்கவும் முடியாது.

இந்தக் கடைசி அச்சம் ஐரோப்பாவிலும் இருந்தது. பைசா நகர லியோனார்டோ, ஃபிபோனாச்சி என்று நாம் அறிந்தவர், வட ஆப்பிரிக்காவில் கற்ற இந்திய எண்களை 1202-இல் ஒரு பெரிய நூலாக எழுதினார். வணிகர்கள் விரும்பித்தான் கற்றார்கள். ஆனாலும் 1299-இல் ஃபுளோரன்ஸ் நகரின் காசுமாற்றுவோர் சங்கம் கணக்கேடுகளில் புது எண்களை எழுதக் கூடாது என்று விதித்தது. 0-வை 6 ஆக்குவதும் 9 ஆக்குவதும் ஒரு பேனாக் கீற்று. ரோமானிய எண்ணில் திருட்டு அவ்வளவு எளிதல்ல, சொல்லால் எழுதிவிட்டால் இன்னும் கடினம். மலேசிய வங்கிக் காசோலையில் தொகையை எண்ணால் எழுதிய பிறகு சொல்லாலும் எழுதி, கடைசியில் 'சஹாஜா' என்று முடிக்கச் சொல்வதும் தமிழ்நாட்டில் 'மட்டும்' என்று முடிப்பதும் அந்த அச்சத்தின் இன்றைய வடிவம். சோழ நாட்டுக் கல்வெட்டு எழுதியவனுக்கு இந்தப் படிவத்தைக் காட்டினால் சட்டென்று புரிந்துகொள்வான்.

சுழியம் இல்லாமல் அத்தனை நூற்றாண்டு ஓட்டிய தமிழ் எண்களுக்கு அச்சுக்காலத்தில் இடமதிப்பு முறை வந்து சேர்ந்தது. இப்போது இரண்டும் கலந்து புழங்குகின்றன. ஓர் அடிக்கல்லில் ௨௦௨௪ என்றிருந்தால் அது புது முறை, ௨௲௨௰௪ என்றிருந்தால் பழைய முறை, இரண்டும் 2024. நாட்காட்டிகளிலும் அழைப்பிதழ்களிலும் இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து அடிப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட அழைப்பிதழ் வந்தால் முகூர்த்த நேரத்தை ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. கணினிக்கான யூனிகோடு பட்டியலில் ௧ முதல் ௯ வரையும் ௰, ௱, ௲ மூன்றும் முதலிலேயே இடம்பெற்றுவிட்டன. தமிழ்ச் சுழியத்துக்கு மட்டும் இடம் ஒதுக்காமல் விட்டிருந்தார்கள். 2005-இல் வந்த 4.1-ஆம் பதிப்பில்தான் அது சேர்ந்தது.